பாடமாக்கிய கட்டுரை

மின்னஞ்சல் வந்தபோது எனக்கு ஏதோ பாராட்டுக் கிடைக்கப் போகிறது என்றுதான் நினைத்தேன். பட்டப்படிப்பில் நான் எழுதிய முதல் கட்டுரையைப் பற்றி நேரில் பேச வேண்டும், வியாழக்கிழமை பத்து மணிக்கு வர முடியுமா என்று கல்லூரியிலிருந்து மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். கணவர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"ஒரு பிழையும் விடாம எழுதினதுக்குப் பாராட்டக் கூப்பிடுகினமாக்கும்," என்றார்.

எனக்கும் அதில் சந்தேகம் இருக்கவில்லை. அந்தக் கட்டுரைக்காக நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்.

நாற்பத்தேழு வயதில் இந்த வேலை எனக்கு எதற்கு என்று கேட்பீர்கள். ரோவில் என்ற புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காரில் கால் மணி நேரத்தில் ஒரு டேஃப், அதாவது அரசுத் தொழிற்கல்லூரி, இருக்கிறது. குழந்தைகள் பராமரிப்பில் டிப்ளோமாவை அங்கேதான் படித்தேன். பதினொரு வருடமாக ஒரு சைல்ட்கெயாரில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், கைக்குழந்தைகளின் அறையில் வேலை. அங்கே ஆசிரியை ஆவதற்குப் பட்டம் வேண்டும். நான் விசாரித்த பல்கலைக்கழகங்கள் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான உயர்தரத்தின் சான்றிதழைக் கேட்டன. நான் உயர்தரம் எழுத இருந்த வருடம்தான் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்தோம், ஆகவே அந்தக் கடதாசி என்னிடம் இல்லை. பட்டம் என்ற நினைப்பையே விட்டிருந்தேன். பிறகு அதே டேஃபில் பட்டப்படிப்பைத் தொடங்கினார்கள். என் டிப்ளோமாவையும் அனுபவத்தையும் பார்த்து இடம் தந்தார்கள். கிழமையில் இரண்டு நாள் வகுப்பு, மிச்சம் மூன்று நாள் வேலை. இதை விட்டால் எனக்கு வேறு வழி கிடையாது.

மாதா கோவிலில் தமிழ்ப் பூசை முடிந்த பிறகு இதைச் சொன்னபோது ஒரு அன்ரி, டேஃப் சமைக்கவும் தலைமயிர் வெட்டவும் பழக்குகிற இடமல்லவா, அங்கே என்ன டிகிரி என்று கேட்டார். சிரித்துக்கொண்டு சமாளித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருக்குச் சொல்லாத பதில்களைக் கணவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். பாவம், அவர்தான் கார் ஓட்டினார்.

கட்டுரைக்கான தலைப்பு, கைக்குழந்தை புதிய இடத்துக்குப் பழகுவது பற்றி. எனக்குப் படிக்கத் தெரிந்த முறை ஒன்றுதான். பாடப் புத்தகத்தின் நாலாம் அதிகாரத்தை எடுத்தேன். குசினியில் தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒரு பக்கத்தை ஒட்டினேன். உடுப்புக் காயப்போடும் கொடிக்குக் கீழே புத்தகத்துடன் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு மேலும் கீழும் நடந்தேன். யாருடன் சண்டை பிடிக்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். மூன்று கிழமையில் அதிகாரம் முழுவதும் மனப்பாடம். பிறகு புத்தகத்தை மூடி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, ஒரே இருப்பில் எழுதினேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படி எழுதியவளுக்குத்தான் முதல் இடம். சொந்தமாக ஒரு சொல்லைச் சேர்த்தால் ரீச்சர் அதைச் சிவப்பு மையால் வட்டமிடுவார்.

மகள்தான் விஷயத்தை உடைத்தாள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். மின்னஞ்சலுக்கு அடியில் இணைத்திருந்த அறிக்கையைத் திறந்து பார்த்தாள். கட்டுரைகளைப் புத்தகங்களுடன் ஒப்பிடுகிற மென்பொருள் ஒன்று இருக்கிறதாம். என் கட்டுரை தலை முதல் கால் வரை மஞ்சள் பூசிக்கொண்டிருந்தது.

"அம்மா, திஸ் இஸ் சீரியஸ்," என்றாள். "தே திங்க் யூ காப்பிட், பார்த்து எழுதினீங்களாம்."

வேண்டுமென்றே செய்ததாக முடிவு செய்தால் படிப்பிலிருந்தே நீக்கலாம் என்று விதிகளை எடுத்துக் காட்டினாள். எனக்கு முதலில் வந்தது கோபம். பார்த்து எழுதினால் களவு, மனதில் வைத்து எழுதினால் அது படிப்பு அல்லவா? நான் என்ன கள்ளியா? பிறகுதான் பயம் வந்தது. இந்த வயதில் கிடைத்த இடத்தையும் நானே என் கையால் கெடுத்துவிட்டேனே என்று குசினிக் கதிரையில் இருந்து அழுதேன். கணவர் தேத்தண்ணி போட்டுத் தந்தார். பாராட்டு என்று சொன்னதற்காக மூன்று நாளாக என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வியாழக்கிழமை இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் படிப்புக்குப் பொறுப்பானவர், மற்றவர் எங்கள் விரிவுரையாளர், என்னைவிடப் பத்து வயது இளையவள். எங்கே பார்த்து எழுதினீர்கள் என்று பொறுப்பானவர் கேட்டார். எங்கேயும் பார்க்கவில்லை, புத்தகம் லாச்சிக்குள் இருந்தது என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நம்பவில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. எனக்கும் ரோசம் இருக்கிறது.

"எந்தப் பக்கம் வேணும் எண்டு சொல்லுங்கோ," என்பதை என் ஆங்கிலத்தில் கேட்டேன்.

விரிவுரையாளர் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தின் எண்ணைச் சொன்னாள். நான் தொடங்கினேன். அவள் விரலை வைத்து வரிவரியாகக் கூட வந்தாள். நடுவே ஒரு படத்தைப் பார்க்கச் சொல்லும் குறிப்பு வரும், அதையும் விடாமல் சொன்னேன். அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. என் கட்டுரையிலும் அந்தக் குறிப்பு இருந்ததாம், படம் மட்டும்தான் இல்லையாம். அடுத்த பக்கத்துக்குப் போகட்டுமா என்று கேட்டேன். போதும் என்று பொறுப்பானவர் கையைத் தூக்கினார். அவர் முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது.

பாடமாக்கினாலும் வார்த்தைகள் புத்தகத்தை எழுதியவருடையவை, அதைச் சொல்லாமல் எழுதுவது இங்கே பிழை என்று விளக்கினார். விளங்கியது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. விரிவுரையாளர் புத்தகத்தை மூடினாள்.

"இது புத்தகம் சொல்வது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

பள்ளிக்கூடத்தில் எத்தனையோ கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறேன். இதை ஒருவரும் கேட்டதில்லை. நான் நினைப்பதற்கு யார் மதிப்பெண் போடுவார்கள்? அவள் அவசரப்படுத்தவில்லை. பதினொரு வருடத்தில் எத்தனை குழந்தைகளைப் பழக்கியிருப்பீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

அதைக் கேட்டதும் எங்கள் கைக்குழந்தைகளின் அறை கண்முன் வந்தது. புத்தகத்தில் அழுகையை நிறுத்த வழி சொல்லியிருக்கிறது, எனக்கு அழுகிற பிள்ளையைப் பற்றிப் பயமில்லை என்றேன். அழுகிற பிள்ளைக்கு யாராவது வருவார்கள் என்று நம்பிக்கை இருக்கிறது. முதல் நாளே பேசாமல் மூலையில் இருந்து, கொடுத்ததைத் தின்று, ஒருவரையும் பார்க்காத பிள்ளை இருக்கிறதே, தாய்மார் அதை நல்ல பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நான் அன்று முழுவதும் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில்தான் இருப்பேன். இதை இலக்கணம் பிழைத்த ஆங்கிலத்தில் சொன்னேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது.

விரிவுரையாளர் பேனையை எடுத்துக் குறித்துக்கொண்டிருந்தாள்.

"இதை எழுதிக்கொண்டு வாருங்கள்," என்றாள்.

களவு இல்லை, தண்டனையும் இல்லை, இரண்டு கிழமைக்குள் மறுபடி எழுதித் தர வேண்டும் என்று பொறுப்பானவர் முடித்தார். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும் 'அப்பாடா' என்று வாய்விட்டுச் சொன்னேன். பிறகு கணவருக்கு ஃபோன் போட்டேன். வேலைத்தளத்தில் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார். மறுபக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

மறுபடி எழுதுவது லேசாக இருக்கவில்லை. 'நான்' என்று எழுதிவிட்டு ஒரு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாடமாக்க ஒன்றும் இல்லாமல் படிப்பது, பிடிக்கக் கைபிடி இல்லாத படிக்கட்டில் இறங்குவது போல இருந்தது. வேலை செய்யும் இடத்தில் பிள்ளைகள் நித்திரையான நேரத்தில் துண்டுக் கடதாசிகளில் எழுதினேன். புத்தகத்திலிருந்து இரண்டே இரண்டு வரிகள் எடுத்தேன், எழுதியவரின் பெயரைப் போட்டே எடுத்தேன். மகள் எழுத்துப் பிழை பார்த்தாள், கருத்தில் கைவைக்க விடவில்லை.

முடிவு கணினியில் வந்தபோது கணவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. என் வாழ்க்கையில் அவ்வளவு குறைந்த புள்ளி நான் வாங்கியதில்லை.

"இவ்வளவுதானோ?" என்று கவலையாகக் கேட்டார்.

"ஓம், இவ்வளவுதான்," என்றேன். "ஆனா முழுக்க என்ரை எழுத்து."