லியூ அக்கா பெயரில் ஒரு ரௌட்டர்

ஈமச்சடங்கன்று வாசலில் வைத்த பலகையில் லுவோம் என்று எழுதியிருந்தது. அடையாள அட்டையில் இருந்த ஆண் பெயர். மூத்தவர் துவான் அண்ணன் எழுதச் சொன்னது. தங்கையான நான் இங்கே லியூ அக்கா என்றுதான் எழுதப்போகிறேன். பதினேழு வயதில் வீட்டைவிட்டுப் போனபோது அவள் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர் அது. அந்தப் பெயரில்தான் உழைத்தாள், ஏச்சும் வாங்கினாள், கைதட்டலும் வாங்கினாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் அவளுடைய ஜிகினா உடைகளைப் பற்றிப் பேசினார்கள். சர்க்கரை நோய் எடுத்துக்கொண்டு போன இடது காலைப் பற்றிப் பேசினார்கள். பாவம் என்றார்கள். அவள் ஒன்றும் பாவம் இல்லை. தேநீர் ஊற்றிக்கொண்டே அதைச் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவள் லோட்டோக் குழுவில் எண் பாடுகிறவள். கோயில் விழா நடக்கும் மைதானத்தில் கூடாரம் போட்டு, ஆளுக்கொரு எண் சீட்டுக் கொடுத்து, பையிலிருந்து ஒவ்வொரு எண்ணாக எடுத்துப் பாட வேண்டும். வெறுமனே எண்ணைச் சொன்னால் யாரும் உட்கார மாட்டார்கள். இரண்டு வரி பாட்டுக் கட்டி, அதன் வாலில் எண்ணை ஒளித்துவைத்து, கடைசியில் அவிழ்க்க வேண்டும்.

"வாக்குத் தந்து போனவனத் தேடி வந்தேன் நானு,
வாசல்லயே நின்னு சொன்னான், வீட்ல பிள்ளைங்க மூணு!
அறுபத்தி மூணு!"

சீட்டில் ஒரு வரிசை முழுக்க நிறைந்தவர் 'கின்!' என்று கத்துவார். பரிசு அவருக்கு. எங்கள் தெற்குப் பக்கம் வின்லாங்கிலிருந்து நாட்டின் தென்கோடி கா மாவ் வரைக்கும் அவள் பாடாத மைதானம் கிடையாது.

கால் போன பிறகு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். வேறு போக்கிடம் இல்லை. எங்கள் வீடு நாலு மீட்டர் அகலம், உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கும். தெருப்பக்கம் அண்ணனின் மோட்டார் சைக்கிள் டயர் கடை, பின்னால் சமையலறை. முதல் மாடியில் முன்னோர் பீடம். நடுவில் படிக்கட்டை ஒட்டி, கண்ணாடிக் கூரையிலிருந்து தரைவரை வெளிச்சம் இறங்குவதற்காக விட்ட திறந்த இடைவெளி. லியூ அக்காவுக்கு அண்ணன் கொடுத்தது இரண்டாம் மாடியின் பின்னறை. ஒற்றைக் காலோடு இருப்பவளுக்கு இருப்பதிலேயே உயரமான அறை.

"அமைதியா இருக்கும், ரெஸ்ட் எடுக்கலாம்" என்றார் அண்ணன்.

"கடைக்கு வர்றவன் கண்ணுல படாமயும் இருக்கலாம்" என்றாள் லியூ அக்கா. பொய்க்காலை மாட்டிக்கொண்டு, கைப்பிடியை இழுத்து இழுத்து ஏறிப் போனாள்.

அவளுடைய குழுத் தலைவி ஹுவாமி அம்மா அப்போது கைபேசியில் நேரலையாக ஆட்டம் நடத்தத் தொடங்கியிருந்தார். தைவானுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர்கள், கொரியாவில் தொழிற்சாலை வேலைக்குப் போனவர்கள் எல்லாம் சனிக்கிழமை மாலையானால் சீட்டும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். ஜெயித்தால் மீன் சாஸ் பாட்டிலோ சோப்புத்தூளோ ஊரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேரும். லியூ அக்கா கேட்டு வாங்கி ஒரு சனிக்கிழமை பாடினாள். உதட்டுச் சாயம், தலையில் பூ, எல்லாம் பழையபடி. ஆட்டம் பாதியில் ஹுவாமி அம்மா போன் போட்டார்.

"அடியே, என்னடி சொன்ன? வாயத் தொறந்தபடியே நின்னுட்ட, துணிக்கடை பொம்மையாட்டம்!"

"நான் அறுபத்தி மூணு பாடி முடிச்சு அடுத்த எண்ணையும் எடுத்துட்டேனே அம்மா."

"நீ எடுத்துட்ட, உன் நெட்டு எடுக்கலியே. இங்க ரெண்டு பேரு கின்னு கின்னுனு அலறுறாளுங்க. ஒருத்திக்கு எண் கேட்டுச்சாம், இன்னொருத்திக்குக் கேக்கலியாம். நான் ஏமாத்துக்காரின்னு எழுதிட்டாளுங்க."

"இன்னொரு தடவ குடுங்கம்மா."

"தெத்துப் புத்தாண்டுக்கு முந்தின சனிக்கிழமை. அன்னைக்கும் நின்னுச்சுன்னா எண் பையத் துயெத்துகிட்ட குடுத்துருவேன். அப்புறம் என்னை ஏசாத."

போனை வைத்துவிட்டு நெடுநேரம் பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "அந்தத் துயெத்து எழுபதையும் எழுபத்தேழையும் ஒரே பாட்டுல பாடுவா" என்றாள். அவ்வளவுதான் புலம்பினாள். பிறகு, "சின்னவளே, கீழ போய் அந்த நெட்டுப் பெட்டி எங்க இருக்குன்னு பாரு" என்றாள்.

பெட்டி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கடை வாசலுக்கு உள்ளே, தரையோடு தரையாக இருக்கும் நிலத்தெய்வச் சிறுபீடத்தின் பக்கத்தில், அதிர்ஷ்டத்துக்காக வைத்த பெரிய மீன் தொட்டிக்குப் பின்னால். காசு கொண்டுவரும் எதுவும் அந்த மூலையில்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் தெருவில் எல்லாக் கடைக்காரர்களின் நம்பிக்கை. இணையமும் இப்போது காசு கொண்டுவருகிறதே. அலை அக்காவின் அறைக்கு வர வேண்டுமானால் முதலில் அந்தத் தண்ணீரைத் தாண்டி, பிறகு மூன்று சுவரையும் இரண்டு தளத்தையும் தாண்ட வேண்டும்.

"தொட்டிய நகத்தினா வியாபாரம் நகந்துடும்" என்றார் அண்ணன். "வேணும்னா அவனையே ஒரு பெட்டி வாங்கிக்கச் சொல்லு."

அவனை. என்னிடம்கூட அப்படித்தான் சொல்வார்.

அக்கா பெட்டி விற்கும் கடைக்குத் தானே வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். என் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, பொய்க்காலை நீட்டிக்கொண்டு, சிவப்பு ஸ்கார்ஃப் பறக்க வந்தாள். விற்கிற பெண் நேராக இருப்பதிலேயே பெரிய பெட்டியைத் தூக்கி வைத்தாள்.

"இதுக்கு எட்டு கொம்பு இருக்குக்கா. பேய் மாதிரி இழுக்கும்."

"எனக்கு இருக்கறது ஒரு காலு. எட்டு கொம்ப வெச்சு என்ன செய்யட்டும்? என் ரூமுக்கு வருமா, அதச் சொல்லு."

"எங்க வெக்கிறீங்களோ அதப் பொறுத்ததுக்கா. மூலையில வெச்சா எட்டு கொம்பும் வீண்தான்." அந்தப் பெண் கொஞ்சம் யோசித்து, நாலு கொம்பு வைத்த இரட்டை அலைவரிசை ரௌட்டர் ஒன்றைக் காட்டினாள். "இதுல ரெண்டு அலை வரும். ரெண்டு புள்ளி நாலு, அஞ்சு. ரெண்டு புள்ளி நாலு தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும், ஆனா மெதுவு. அக்கம்பக்கத்து பெட்டியெல்லாம் அதே அலையில மோதும். அஞ்சு வேகம். ஆனா சுவரக் கண்டா சோர்ந்துடும்."

அக்கா சிரித்தாள். "எங்க குழுவுலயும் இப்பிடி ரெண்டு பேரு இருந்தாளுங்க. ஒருத்தி மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கத்துவா, ஆனா இழுவை. இன்னொருத்தி மளமளன்னு பாடுவா, குறுக்க ஒரு திரை விழுந்தா குரல் செத்துடும். ரெண்டு பேரும் ஒரே பெட்டிக்குள்ளயா? அடிச்சுக்க மாட்டாளுங்களா?"

"தனித்தனி பேரு வெச்சுட்டா அவங்க பாட்டுக்கு இருப்பாங்கக்கா."

அந்த நாலு கொம்புப் பெட்டியை வாங்கினோம்.

எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை. அண்ணனின் பெட்டியிலிருந்து ஒரு கேபிளை அந்த வெளிச்ச இடைவெளி வழியாக மேலே இழுத்து, முதல் மாடிப் படித்திருப்பத்தில் புதுப் பெட்டியை மாட்டினால் கீழே சமையலறைக்கும் இறங்கும், மேலே அக்கா அறைக் கதவுக்கும் சுவரே குறுக்கிடாமல் ஏறும். ஆனால் அந்தத் திருப்பத்துக்கு நேர் எதிரேதான் முன்னோர் பீடம், அதில் அப்பாவின் படம்.

அண்ணன் பாதிப்படியில் நின்றுகொண்டு, "அப்பா மூஞ்சிக்கு நேரா வெளக்கு மின்னுற பெட்டியா? அறிவு இருக்கா ஒனக்கு?" என்றார்.

அக்கா ஏணியில் ஏறிய என்னிடம் திருகாணியை நீட்டினாள். "அப்பா சாகற வரைக்கும் என் மூஞ்சிய நேராப் பாக்கல. இந்தப் பெட்டியையாவது பாக்கட்டும். சின்னவளே, இன்னும் கொஞ்சம் மேல."

பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லைப் பார்த்து, அவள் கைபேசியிலேயே அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். முதலில் இரண்டு அலைக்கும் ஒரே பெயராக விட்டோம். ஒத்திகை பார்த்தால், கைபேசி நடுப்பாட்டில் மெதுவான அலைக்குத் தாவி, வாய் ஒரு பக்கம் குரல் ஒரு பக்கமாகப் போனது. அக்கா கைபேசியைப் பிடுங்கினாள். "அந்தப் பொண்ணு அன்னைக்கே சொன்னாளே, தனித்தனி பேருன்னு." அவளே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். மெதுவான அலைக்கு 'கீழ்வீட்டு லியூ'. வேகமான அலைக்கு 'மாடி லியூ'.

பெயர் வீட்டுக்குள் நிற்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கீழ்வீட்டு லியூ சுவர்களைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டாள். காப்பிக் கடையில் உட்கார்ந்து கைபேசியைத் திறந்தவன், டயர் மாற்ற வந்து காத்திருந்தவன், கீரை விற்கிற பெண், எல்லாருக்கும் பட்டியலில் முதலில் அவள் பெயர். மறுநாளே காப்பிக் கடைக்காரர் குரல் கொடுத்தார்.

"துவான் அண்ணே, உங்க வீட்ல கீழ ஒருத்தி மேல ஒருத்தின்னு ரெண்டு லியூ இருக்காங்களாமே! அண்ணிக்குத் தெரியுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் வாயில் ஒருமுறைகூட வராத பெயர் தெருவையே சுற்றிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை மதியம் மாடிக்கு வந்தார். அந்த அறைக்கு அவர் வந்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

"பேர மாத்து. இல்லன்னா சாயங்காலம் கீழ கேபிளப் பிடுங்குவேன்."

அக்கா கண்ணுக்கு மை போட்டுக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "எந்தப் பேர?"

"தெரியாத மாதிரி கேக்காத."

"சொல்லுங்கண்ணே, எந்தப் பேருன்னு. நீங்க வாயத் தொறந்து சொன்னா மாத்திடறேன்."

அண்ணன் கதவை அறைந்துவிட்டுப் போனார்.

நான் கெஞ்சினேன். "அக்கா, இன்னிக்கு ஒரு சாயங்காலம் மட்டும். ஆட்டம் முடிஞ்சதும் திரும்ப வெச்சுக்கலாம். துயெத்துகிட்ட பை போயிடும்."

"போகட்டும். என் பேர மறைச்சுக்கிட்டுதான் பாடணும்னா, அதுக்குத் துயெத்தே பாடலாம்."

மாலை ஆட்டம் தொடங்கியது. படம் அசையவே இல்லை, குரல் உதட்டோடு ஒட்டி வந்தது. கீழே சமையலறையில் ஹான் அண்ணி, அண்ணனின் மனைவி, பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூட்டி வைத்துக்கொண்டு சீட்டில் சோளமணி வைத்து ஆடிக்கொண்டிருந்தார். தெத்துக்கு அவிக்க வேண்டிய வாழையிலைச் சோறு பாதி கட்டியபடி கிடந்தது. மூன்றாவது ஆட்டத்தில், அக்கா பையில் கைவிட்டு ஓர் எண்ணை எடுத்த நேரத்தில், பெட்டியின் விளக்கு சிவப்பானது. திரை நின்றுவிட்டது.

அக்கா எண்ணைப் பார்க்கவில்லை. அப்படியே கைக்குள் மூடிக்கொண்டாள். "நீ எங்கயும் போகாத" என்று என்னைத் தடுத்தாள். "நான் மாத்த மாட்டேன்."

அப்போது கீழேயிருந்து அண்ணியின் அலறல். வெளிச்ச இடைவெளி வழியாக எல்லாம் கேட்டது.

"யோவ்! என்னய்யா பண்ண?"

"உனக்கென்னடி, உள்ள போ."

"ஒரே ஒரு எண்ணுய்யா எனக்கு! ஒரே ஒரு எண்ணு! அம்பத்தி ரெண்டு வந்தா கின்னு! இந்த வருஷமே இன்னிக்குத்தான் எனக்கு வரிசை கூடி வருது, நீ வயரப் பிடுங்கிட்டு நிக்கிற!"

"அவன் பேர மாத்தற வரைக்கும்..."

"அவ பேரு உன்ன என்ன கடிக்குதா? தள்ளு! தள்ளுய்யா, மீன் தொட்டி மேல விழப்போற!"

அண்ணியும் இரண்டு பெண்களும் சேர்ந்து கேபிளைச் சொருகினார்கள். விளக்குப் பச்சையானது.

திரையில் கேள்விகள் கொட்டிக்கொண்டிருந்தன. நின்னுச்சா, ஏமாத்தா, எண் என்ன. ஹுவாமி அம்மாவும் எழுதியிருந்தார்: மறுபடியுமா? அக்கா மூடிய கையைத் திரைக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள்.

"அக்கா தங்கச்சிமாரே, நெட்டு தானா நிக்கல. எங்கண்ணன் வயரப் பிடுங்கிட்டாரு. எங்க வீட்டு வைஃபைக்கு லியூன்னு என் பேர வெச்சுட்டேனாம், அத மாத்தணுமாம். மாத்தல. மாத்தவும் மாட்டேன். எடுத்த எண் இந்தக் கைக்குள்ளதான் இருக்கு, நானே இன்னும் பாக்கல. மறுபடி அவரு பிடுங்கினா மறுபடி கைய மூடிக்கிட்டுக் காத்திருப்பேன். நீங்களும் இருங்க. இப்பப் பாடட்டுமா?"

 பிறகு ஒருத்தி, பாடு லியூ, என்று எழுதினாள். தைவானிலிருந்து ஒருத்தி, உங்கண்ணன் கடை எங்க இருக்கு சொல்லு, பஞ்சர் பண்றேன், என்று எழுதினாள். அதன் பிறகு திரை நிற்காமல் ஓடியது. பாடு லியூ, பாடு லியூ. ஹுவாமி அம்மா ஒரே சொல் எழுதினார்: பாடுடி.

கைக்குள் இருந்தது எண்பத்தி எட்டு. அண்ணிக்குக் கிடைக்கவில்லை. கீழே சோளமணி சிதறுகிற சத்தமும் ஒரு வசவும் கேட்டன.

எண் பை துயெத்திடம் போகவில்லை. இரண்டு வருடம், ஆஸ்பத்திரிக்குப் போன வாரம் வரைக்கும், சனிக்கிழமைகளில் லியூ அக்காதான் பாடினாள். அண்ணன் மாறிவிட்டார் என்று எழுத மாட்டேன். கேபிளை மறுபடி பிடுங்கவில்லை, அவ்வளவுதான். அதுவும் அண்ணிக்குப் பயந்து. அந்தப் பெயரைக் கடைசிவரை அவர் சொல்லவில்லை. பலகையிலும் எழுதவிடவில்லை. ஆனால் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிடும்போது அவர் கைபேசி கீழ்வீட்டு லியூவில்தான் சேர்ந்திருந்தது. அண்ணிதான் சேர்த்துக் கொடுத்தார். அதை எப்படித் துண்டிப்பது என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டேன்.