அழுக்கு டின்னுக்குப் போட்ட பூ

நோட்டைத் திறந்து, மேலே பிள்ளையார் சுழி போட்டு, "முருகா துணை" என்று எழுதி, அதற்கு மேல் ஓடாமல் மூடி வைத்த நாட்கள் எத்தனையோ. இதை எழுதுவதா வேண்டாமா என்று வருஷக் கணக்கில் தயங்கிவிட்டேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவன், பிழை வந்துவிடுமோ என்ற கூச்சம் ஒரு பக்கம். ஆனால் அது சின்னக் காரணம். இதில் நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. அதை வேறொருவர் தன்மேல் போட்டுக்கொண்டார். அவர் இருந்தவரை வாயைத் திறக்காதவன் இப்போது எந்த முகத்தோடு சொல்வது என்பதுதான் பெரிய காரணம்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது. மில்லில் வேலை போய் நான் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த டாக்டர் என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். பிரெஞ்சுக்காரன் காலத்தில் இங்கேயே வைத்தியம் படித்தவர். மீன்காரம்மாக்கள், மூட்டை தூக்குகிறவர்கள், எங்களைப் போல மில் குடும்பங்கள், எல்லோருக்கும் அவர்தான். ஊசி போட்டால்தான் வைத்தியம் பார்த்த மாதிரி என்று நினைக்கிற ஜனங்கள். அப்போதெல்லாம் கண்ணாடி சிரிஞ்சுதான். ஒருவருக்குப் போட்டதைக் கழுவி, வெந்நீரில் கொதிக்கவைத்து, அடுத்தவருக்கு எடுக்கவேண்டும். அந்தக் கழுவுகிற, கொதிக்கவைக்கிற வேலைதான் எனக்கு.

முதல் நாளே டாக்டர் இரண்டு பிஸ்கட் டின்களைக் காட்டினார். இரண்டிலும் பிளாஸ்திரி ஒட்டி, தன் கையால் பேனாவில் எழுதியிருந்தார்.

"இது புரோப்ர். அது சால். செத்தாலும் ரெண்டும் ஒண்ணா சேரக்கூடாது, தெரிஞ்சுதா?"

கொதித்து எடுத்த ஊசிகள் முதல் டின்னில். போட்டு முடித்த ஊசிகள் சோப்புத் தண்ணீர் இருக்கும் இரண்டாவது டின்னில். புரோப்ர் என்றது 'புரோப்பர்' என்கிற இங்கிலீஷ் வார்த்தை என்று எடுத்துக்கொண்டேன். சால் என்றது நம் தண்ணீர்ச் சால். தண்ணீர் ஊற்றி வைக்கிற டின்னை வேறு எப்படிச் சொல்வார்கள்? நான் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் கொதிக்கவேண்டும் என்று கேட்டபோது இருபது நிமிஷம் என்றார். என்னிடம் கைக்கடிகாரம் கிடையாது. சுவர்க் கடிகாரம் முன்னறையில். "நான் மாலை உருட்டி ஜபம் பண்றவங்க. அத வெச்சு கணக்கு பாத்துக்கட்டுமா?" என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. தன் கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, என்னை ஜபிக்கச் சொன்னார். நூற்றெட்டு மணி மாலை மூன்று சுற்று வந்தால் இருபது நிமிஷம் தாண்டியது. "மூணு மாலை. ஒண்ணு கொறைஞ்சாலும் ஊசி உள்ள வரக்கூடாது" என்றார். ஸ்டவ்வுக்கு மேலே ஆணி அடித்து ருத்திராட்ச மாலையை மாட்டினேன். நான் கும்பிடுகிற மயிலத்து முருகன் பெயரால்தான் அந்த ஊசிகளெல்லாம் கொதித்தன.

இரண்டு வருஷம் போயிற்று. பிளாஸ்திரியில் பேனா எழுத்து கரைந்துவிட்டது. ஆயுத பூஜை வந்தது. ஸ்டவ், கத்தரி, டின் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவினேன். சாமிக்கு முன்னால் வைக்கிற பொருள் இப்படி மங்கிப்போய் இருக்கலாமா என்று தோன்றியது. டாக்டரிடம் கேட்காமல், தெருமுனையில் போர்டு எழுதுகிறவரிடம் இரண்டு டின்னையும் கொண்டுபோனேன். சால் டின்னில் இருந்தது நாலே எழுத்து. எஸ், ஏ, எல், ஈ.

"இத நீ சொல்லணுமாப்பா? ஆடி மாசம் பூரா இதத்தான எழுதறேன்" என்றார் அவர். ஆள் பெருமை அடிக்கிறார் என்று விட்டுவிட்டேன். சிவப்புப் பெயிண்டில் நாலு எழுத்தையும் பெரிசாக எழுதி, சுற்றி மஞ்சள் பூவும் நட்சத்திரமும் வைத்துக் கொடுத்தார். இன்னொரு டின்னுக்கு வெறும் எழுத்து மட்டும்தான். எனக்கோ மனசு நிறைந்துவிட்டது. சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்தேன். பூஜை முடிந்தும் உள்ளே வைக்க மனசு வராமல், தெருப் பக்கத்து ஜன்னலில் அழகாகத் தெரியும்படி வைத்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, "என்னப்பா, இதுக்குக் கல்யாணமா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

கார்த்திகை மழையில் ஒரு காலை. டாக்டர் எங்கள் ஊரை ஒட்டியிருக்கிற கதிர்காமத்தில் ஒரு வீட்டுக்கு நோயாளியைப் பார்க்கப் போயிருந்தார். ஜீப் வந்து நின்றது. சுகாதார இலாகாவிலிருந்து ஒரு அம்மா அதிகாரி. டாக்டருக்குப் படித்தவர், சென்னைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர் என்று பிறகு தெரிந்தது. கூட ஒரு பியூன். காத்திருந்தவர்களை வெளியே வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

மருந்து பாட்டில் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தார். தேதி பார்த்தார். பஞ்சைத் தொட்டுப் பார்த்தார். கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா என்று பார்த்தார்.  கடைசியில் ஜன்னலுக்குப் போய் அந்த டின்னை எடுத்தார்.

"இது என்ன?"

"சால் டின்னுங்கம்மா."

"இதுக்குள்ள என்ன?"

"ஆளுங்களுக்குப் போட்ட ஊசிங்கம்மா."

"போட்ட ஊசியத்தான் வெளிய வெச்சிருக்கீங்களா?"

"ஆமாங்கம்மா. அழகா எழுதியிருக்குல்ல, அதான் எல்லாரும் பாக்கட்டும்னு."

அந்த அம்மா டின்னைக் கீழே வைத்தார். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் படித்தார். கையெழுத்தில்லாத மொட்டைப் பெட்டிஷன். இந்த டாக்டர் இடத்தில் ஜனங்களுக்குக் குத்திய பழைய ஊசிகளை டின்னில் சேர்த்து, 'சேல்' என்று விளம்பரம் எழுதி, ஜன்னலில் வைத்து விற்கிறார்கள் என்று அதில் இருந்தது.

சேல்! துணிக்கடை வாசலில் ஆடி மாசம் தொங்குகிற அதே நாலு எழுத்து. அப்போதுதான் எனக்கு உறைத்தது. 

"விக்கலீங்கம்மா! சத்தியமா விக்கலீங்க. சால்ங்க இது. தண்ணிச் சால்!"

"சாலுக்கு எதுக்கு இங்கிலீஷ் எழுத்து? உள்ள இருக்கற இன்னொரு டின்ல புரோப்பர்னு எழுதியிருக்கு, அதுவும் தப்பா. இங்க பாருங்க, எனக்குச் சரியான பதில் வேணும். இல்லன்னா ஊசி போடற ரூமைப் பூட்டி இன்னிக்கே சீல் வெச்சிட்டுத்தான் போவேன்."

பியூன் அரக்கும் நூலும் எடுத்து மேஜைமேல் வைத்தான். டாக்டரின் இத்தனை வருஷப் பெயர் என் பூவாலும் நட்சத்திரத்தாலும் போகப்போகிறது. முருகா, இந்தப் பாவியால் அவருக்கு இது வரலாமா என்று நெஞ்சுக்குள் அழுதேன். 

அப்போது வராந்தாக் கதவில் ஒரு தடி தட்டியது. பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர், எங்கள் பக்கத்தில் சொல்தா என்போம், காலில் ஆறாத புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்தவர். எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"மதாம்! ஒரு மணி நேரமா சால் சேல் சால் சேல்னு கேக்குது. அது பிரான்சே பாஷை! சால்னா அழுக்கு. புரோப்ர்னா சுத்தம். அழுக்கு டின்னு, சுத்தம் டின்னு. அவ்ளோதான்!"

"அழுக்குன்னா எழுதியிருக்கு?" என்றார் அந்த அம்மா.

"பின்ன? ரெண்டு மாசமா நானும் பாக்கறேன். அழுக்குக்கு என்னாத்துக்குப் பூ போட்டு வெச்சிருக்கான் இந்த ஆளுன்னுதான் நெனச்சிக்கிட்டிருந்தேன்."

வராந்தாவில் இருந்த மீன்காரம்மா ஒருத்தி, "நெனச்சத அன்னிக்கே சொல்லித் தொலையறதுதான, தாத்தா?" என்றாள். பியூன் வாயைப் பொத்திக்கொண்டான். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"சரி, அழுக்குன்னே இருக்கட்டும். அந்த அழுக்கு எப்படிச் சுத்தமாகுது? அதுதான் எனக்குத் தெரியணும். செஞ்சு காட்டுங்க."

ஊசிகளை எடுத்தேன். கம்பி விட்டுத் துளையைச் சுத்தம் செய்து, இரண்டு தண்ணீரில் அலசி, பாத்திரத்தில் போட்டு ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் ஆணியிலிருந்து மாலையை எடுத்தேன்.

"அது எதுக்கு?"

"நேரத்துக்குங்கம்மா. மூணு மாலை."

அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் மாலை ஓடிவிட்டது. இரண்டாவது மாலை பாதியில், டாக்டர் வந்து கேட்டால் என்ன சொல்வேன் என்று நினைத்துவிட்டேன். விரல் தானாக மணியைத் தள்ளுகிறது, வாயில் நாமம் இல்லை. நிறுத்தி, அந்த மாலையை முதல் மணியிலிருந்து ஆரம்பித்தேன்.

"ஏன் திரும்ப ஆரம்பிக்கறீங்க?"

"நடுவுல மனசு எங்கியோ போயிட்டுதும்மா. போனா அந்த மாலை கணக்குல வராதுங்க."

மூன்றும் முடிந்து ஸ்டவ்வை அணைத்தேன். அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்து, "இருபத்தாறு நிமிஷம்" என்றார். பிறகு பியூனிடம், "அரக்கை உள்ள வைப்பா" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் என் உடம்பு எப்படி லேசாகிப்போனது என்று எழுதத் தெரியவில்லை.  மழை விட்டிருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். அந்த அம்மா பெட்டிஷனைக் காட்டினார். "டின்ல இப்படி எழுதச் சொன்னது யாரு டாக்டர்?" என்று கேட்டார். டாக்டர் டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு நொடிகூட ஆகவில்லை.

"நான்தான் எழுதச் சொன்னேன். பிரெஞ்சு படிச்ச புத்தி, அது சேல்னு தோணவே இல்ல. தப்பு என்னுது."

நான் நின்றுகொண்டே இருந்தேன். "இல்லீங்க, நான்தான்" என்று சொல்ல நாக்கு வரை வந்தது, வெளியேதான் வரவில்லை. இரண்டு டின்னிலும் தமிழில் எழுதவேண்டும், அழுக்கு டின் ஜன்னலில் இருக்கக் கூடாது, நேரம் பார்க்க ஸ்டவ் பக்கத்தில் ஒரு கடிகாரம் வேண்டும் என்று மூன்றையும் எழுதிக் கொடுத்தார் அந்த அம்மா. போகும்போது என்னிடம், "கடிகாரம் வந்தாலும் மாலையை நிறுத்தாதீங்க" என்றார்.

வீட்டில் சொன்னேன். "குங்குமம் வெச்சா போதாதா? நட்சத்திரம் வேற கேக்குதா அழுக்குக்கு?" என்றாள் என் மனைவி. பிறகு சாமி விளக்கில் எண்ணெய் ஊற்றிவிட்டு, "நாளைக்குப் போயி அவருகிட்ட ஒத்துக்கிட்டு வா" என்றாள்.

மறுநாள் போனேன். டாக்டர் தானே உட்கார்ந்து வெள்ளைப் பெயிண்டில் 'சுத்தம்', 'அழுக்கு' என்று கோணல் மாணலாக எழுதிக்கொண்டிருந்தார். "ஐயா, நேத்து..." என்று ஆரம்பித்தேன். "தண்ணி கொதிக்குதான்னு பாருப்பா" என்றார். அதோடு முடிந்தது. அதற்குப் பின் அவரிடம் வேலை பார்த்த வருஷங்களில் அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இப்போது அவர் இல்லை.

இதை இன்று ஏன் எழுதினேன் என்றால், எங்கள் தெருவில் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்லிச் சிரிக்கிறார்கள். பிரெஞ்சு தெரியாத அதிகாரி வந்து முட்டாள் ஆனார் என்கிறார்கள். டாக்டர் விளையாட்டாகப் பூ வரைந்து மாட்டிக்கொண்டார் என்கிறார்கள். இரண்டும் இல்லை. அந்த அம்மா கேட்டது அத்தனையும் நியாயம். ஒரு வார்த்தையை நம்பாமல், ஊசி கொதிக்கிறதா என்று கடைசிவரை உட்கார்ந்து பார்த்தவர் அவர். பூப் போட்டது நான். பழியை ஏற்றது டாக்டர்.

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் சரி. ஆனால் எதையும் கூட்டாமல், குறைக்காமல், என் தப்பை விட்டுவிடாமல், நடந்தது நடந்தபடி சொல்லுங்கள். அவரிடம் நான் சொல்ல முடியாமல் போனதை அப்படியாவது சொன்னதாக இருக்கட்டும்.