அம்மாசியின் சிவப்புப் பூட்டு

அம்மாசி கல்வராயன் மலைக்காரன். வெள்ளிமலையைத் தாண்டி, பஸ் நின்றுவிடுகிற இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் நடந்தால் அவன் ஊர். உளுந்தூர்பேட்டைப் பக்கம் நாங்கள் வேலை செய்கிற மரக் கம்பெனியில் பலகை அடுக்குகிற மிஷினை ஓட்டுகிறவன் அவன்தான். நான் ஃபோர்க்லிப்ட் டிரைவர். அவன் கட்டி அனுப்புகிற அடுக்கைத் தூக்கி லாரியில் வைப்பது என் வேலை. அவன் அடுக்கு சாய்ந்தால் என் மேல்தான் விழும். இதுவரை விழுந்ததில்லை.

மிஷின் பெரிசு. அறுத்த தைலமரப் பலகைகள் சங்கிலியில் வரும். இரண்டு இரும்புக் கைகள் ஒரு வரிசையை அப்படியே தூக்கி, முந்தின வரிசைமேல் வைக்கும். நடுவே காற்றுப் போக ஒல்லிக் குச்சிகள் விழும். ஆள் உயரம் வந்ததும் அழுத்திப் பிடித்து பிளாஸ்டிக் பட்டையைச் சுற்றிக் கட்டிவிடும். எல்லாம் தானாகவே நடக்கும். ஆனால் ஒரு பலகை கோணலாக வந்து சிக்கினால் ஆள்தான் உள்ளே போகணும்.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. மெயின் சுவிட்சை இறக்கி, அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு உள்ளே போகணும். வெளியே வந்தபிறகு அவனேதான் திறக்கணும், வேறு எவனும் தொடக்கூடாது. பூட்டு தொங்கினால் உள்ளே ஓர் உயிர் இருக்கிறது என்று கணக்கு. எங்கள் எல்லார் பூட்டும் சிவப்பு. அம்மாசி தன் பூட்டில் வெள்ளைப் பெயிண்டால் பேர் எழுதியிருந்தான். சாவி அவன் அரைஞாண் கயிற்றில் கிடக்கும்.

அவன் பொண்டாட்டி பச்சையம்மாள் மலையிலேயே இருந்தாள். கொஞ்சம் மரவள்ளி, சில ஆடுகள். கீழே வந்தால் வெக்கையில் மூச்சு முட்டுகிறது என்பாள். ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை இவன் போய்வருவான். மற்ற நாளெல்லாம் போன்தான். அங்கே சிக்னல் கிடைக்க அவள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பாறைமேல் ஏறணும். மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தால் எனக்கு இரண்டு பேர் பேச்சும் கேட்கும்.

"இன்னா சாப்ட்ட?"

"களி."

"கொழம்பு?"

"நீ இல்லாத வூட்ல கொழம்பு இன்னாத்துக்கு? ஆட்டுக்கா ஊத்தறது?"

தினமும் இதே பேச்சு. அவன் சிரித்துக்கொண்டே போனை மடியில் வைத்துவிட்டு, அப்புறம் சோற்றைத் தொடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பான்.

போன ஆடியில் ஆர்டர் ஜாஸ்தி. லீவே கிடைக்கவில்லை. ஒரு முறை, இரண்டு முறை என்று மலைக்குப் போவது தள்ளிக்கொண்டே போனது. அந்த நேரம் பார்த்து பச்சையம்மாள் ஊர்ப் பொம்பளைகளோடு சேர்ந்து கேரளாவுக்கு ஏலக்காய் எடுக்கப் பேர் கொடுத்துவிட்டாள்.

"சனிக்கெழம ராத்திரி வந்துட்டீன்னா பாக்கலாம். ஞாயித்துக்கெழம கருக்கல்ல வேன் வந்துடும். அப்பறம் நாலு மாசம் கழிச்சிதான்" என்றாள்.

அந்த வாரம் முழுக்க அவன் நிலையாக இல்லை. ஏலத்தோட்டத்தில் அட்டை கடிக்கும் என்று எவனோ சொல்ல, உளுந்தூர்பேட்டைக் கடையில் முழங்கால்வரை வருகிற சாக்ஸ் வாங்கி வந்து என்னிடம் காட்டினான். "பொம்பள காலுக்கு இது பத்துமா அண்ணே?" என்றான். எனக்கென்ன தெரியும். பத்தும் என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் பலகை சிக்கியது. சிக்கின பலகை, ஆள் குறுக்கே வந்தால் மிஷினை நிறுத்துகிற எலக்ட்ரிக் கண்ணையும் இடித்து உடைத்துவிட்டது. அம்மாசி பூட்டுப் போட்டு உள்ளே போய்ப் பலகையை எடுத்தான். எலக்ட்ரீஷியன் தங்கதுரை பக்கத்தில் தன் பூட்டையும் மாட்டி, கண்ணைக் கழற்றினான். அம்மாசி வெளியே வந்தான், மணியைப் பார்த்தான். கள்ளக்குறிச்சியில் மலைக்குப் போகிற கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும். முகம் கழுவி, சட்டை மாற்றி, சாக்ஸ் பையை எடுத்துக்கொண்டு ஓடினான்.

பொழுது சாயும்போது நான் கேட்டில் நிற்கிறேன். எதிர்ப்பக்க பஸ்ஸிலிருந்து அம்மாசி இறங்குகிறான்.

"யோவ், மலைக்குப் போவலியா?"

"பூட்ட தொறக்காம போய்ட்டேன் அண்ணே. எலவனாசூர்கோட்ட கிட்ட போவும்போது சாவி இடுப்புல குத்திச்சி. எறங்கி வந்துட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஒரு போன் போட்டா கட்டர வெச்சி வெட்டிட்டுப் போறானுங்க. இதுக்குன்னு எவனாவது வருவானா?"

"இன்னிக்கி ஆளு ஊருக்குப் போய்ட்டான், வெட்டுன்னு வெட்டுவானுங்க. நாளைக்கி நான் உள்ள இருக்கும்போதும் ஊருக்குப் போய்ட்டான்னுதான சொல்லுவானுங்க?"

கூடவே போனேன். தங்கதுரை இன்னும் ஒயருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். அவன் பூட்டும் அப்படியே தொங்கியது.

"நீ இன்னாத்துக்குப்பா வந்த? புதுக்கண்ணு மெட்ராஸ்லருந்து வரணும். திங்கக்கெழமதான் ஓடும்" என்றான்.

அம்மாசி தன் பூட்டைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நின்றான். பச்சையம்மாளுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தான். கிடைக்கவில்லை.

"பஸ்சுக்கு வந்து நின்னுக்கினு இருப்பா" என்றான்.

கடைசி பஸ்ஸும் போயிருக்கும். என் பைக்கின் லைட் மலைப்பாதைக்கு ஆகாது. ஆனால் கேரளா போகிற அந்த வேன் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் இறங்கி, சின்னசேலம் வழியாகத்தான் சேலம் போகணும். விடியுமுன் அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சின்னசேலம் போனேன். லேசாகத் தூறல். டீக்கடை ஓரம் நின்றோம். போகிற வேனையெல்லாம் அவன் எட்டி எட்டிப் பார்த்தான். வெளிச்சம் வந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. மலை இறங்கினதும் அவளுக்குச் சிக்னல் கிடைத்திருக்கிறது.

"உசுரோடதான் இருக்கியா?"

"இருக்கேன்."

"கடசி ஆளு எறங்கற வரைக்கும் பாத்தேன். கண்டக்டரக்கூட கேட்டேன்."

"சின்னசேலத்துல நிக்கறேன்."

"அங்க இன்னாத்துக்கு நிக்கற?"

"ஒன்னப் பாக்கத்தான்."

வேன் வந்தது. ஒரு டீ குடிக்கிற நேரம்தான் என்றான் டிரைவர். உள்ளே இருந்த பொம்பளைகள் அவனைக் கேலி பண்ணாமல் விடவில்லை. "இன்னா மாமா, பொண்ணு பாக்கறது ரோட்டுலியா? பூ எங்க, பழம் எங்க?"

பச்சையம்மாள் இறங்கி வந்தாள். அவன் பூட்டுக் கதையைச் சொன்னான். அவள் கேட்டுவிட்டு, "உள்ள யாருமே இல்லாத பூட்டுக்கு என் ஒரு ராத்திரி போச்சி" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு பையை நீட்டினான். பிரித்துப் பார்த்தாள். வேன் படியில் உட்கார்ந்து அங்கேயே சாக்ஸைப் போட ஆரம்பித்தாள்.

டிரைவர் டீயைக் குடித்து முடித்தான். ஹாரன் அடித்தான். அவள் இரண்டாவது காலில் பாதி ஏற்றியிருந்தாள். முதல் காலில் நன்றாக ஏறின சாக்ஸைக் கழற்றி, குதிகால் சரியில்லை என்று மறுபடி போட்டாள். அம்மாசி அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். டிரைவர் இன்னொரு முறை ஹாரன் அடித்தான். அவள் நிமிராமல், "இரு, வரேன்" என்றாள்.

வேன் போனபிறகும் அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். நான் அவசரப்படுத்தவில்லை.

இப்போது அவள் போன் ராத்திரியில்தான். மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தால் அவன்தான் எனக்குச் சேதி சொல்கிறான். "அங்க ஓயாத மழையாம் அண்ணே. சாக்ஸ் காயவே மாட்டேங்குதாம்."

"இன்னொரு ஜோடி அனுப்பேன்யா" என்றேன்.

"போஸ்ட்ல வாணாம், நீயே வந்து குடுன்னுட்டா அண்ணே."