விதைக்கட்டும் நான்கு பஸ்களும்

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நான் வீட்டில் இருந்த நாட்களையெல்லாம் சேர்த்தாலும் ஒரு வருஷம் தேறாது. ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டு ஓடியவன் நான். செங்கல் சூளை, தோல் மண்டி, காஞ்சிபுரத்தில் ஒரு லாரி ஷெட் என்று அலைந்தேன். வேலை கஷ்டமாக இருந்ததால் எங்கிருந்தும் ஓடவில்லை. எல்லா இடத்திலும் கஷ்டம்தான். நான்கு மாதம் ஆனால் அந்த இடம் எனக்குப் போதும் என்று ஆகிவிடும், அவ்வளவுதான். திரும்பி வரும்போது எங்கே போயிருந்தாய் என்று என் மனைவி கேட்டதில்லை. கஞ்சி இருந்தால் ஊற்றுவாள். இல்லாவிட்டால் இல்லை என்பாள்.

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகும் சாலையை ஒட்டி எங்கள் சேரி. யாருக்கும் நிலம் கிடையாது. ஊரில் இருந்த நிலக்காரர்களின் வயலில்தான் எல்லோருக்கும் கூலி. அந்த வருஷம், அவர்களில் எங்களுக்கு ஆண்டையாக இருந்தவர், ஏரிப் பாசனத்தின் கடைசியில் இருந்த அரைக்காணியை எங்களுக்கு வாரத்துக்கு விட ஒப்புக்கொண்டார். விளைந்ததில் பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு. என்னை நம்பி விடவில்லை. நான் இல்லாத நாட்களிலும் ஒரு நாள் தவறாமல் அவர் வயலில் குனிந்து நின்ற என் மனைவியை நம்பித்தான் விட்டார். ஆனால் சொல்லும்போது என்னைப் பார்த்துத்தான் சொன்னார்:

"விதை உங்களுது. ஆடி முடியறதுக்குள்ள நாத்து பச்சையா தெரியணும். தெரிலன்னா வேற ஆளு கீறான்."

விதை அவளிடம் இருந்தது. தை அறுப்பில் கூலியாக வந்த நெல்லில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, காயவைத்து, வேப்பிலை போட்டு இரண்டு பானைகளில் வைத்து வாயை மண்ணால் பூசியிருந்தாள். சித்திரையிலும் வைகாசியிலும் வேலை இல்லை. கீரையும் கேழ்வரகுக் கூழுமாக ஓட்டினாள். சில நாள் அதுவும் இல்லை. பானையைத் தொடவில்லை. நான் ஊர் திரும்பியபோது அவள் தோள் எலும்பு தெரிந்தது. பானையின் பூச்சு அப்படியே இருந்தது.

விதைப்பதற்கு முன் நெல்லை முளைகட்ட வேண்டும். மூட்டையாகக் கட்டி ஒரு நாள் கிணற்றில் ஊறப்போட்டு, தூக்கி வடியவிட்டு, வைக்கோலுக்குள் புதைத்து மேலே கல்லை ஏற்றி விடுவோம். இரண்டு நாள் கழித்து அவிழ்த்தால் வெள்ளையாக மூக்கு நீட்டியிருக்கும். அதை உடனே சேற்றில் தெளித்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் உள்ளேயே வெந்து போகும். இன்னொன்றும் உண்டு. கட்டியவனோ அவன் வீட்டு ஆளோதான் அவிழ்க்க வேண்டும். எங்கள் சேரியில் ஒருவர் விதைக்கட்டில் இன்னொருவர் கை வைக்க மாட்டார்கள். முளை சரியாக வராவிட்டால் தொட்டவன் கைமேல் பழி வரும். அந்தக் கட்டை நான்தான் கட்டினேன். அப்பாவிடமிருந்து நான் கற்றுக்கொண்டிருந்த ஒரே வேலை அது.

வெள்ளிக்கிழமை ஊறப்போட்டு, சனிக்கிழமை விடிந்ததும் வைக்கோலில் புதைத்தேன். திங்கள் காலை விதைப்பு. நடுவில் இரண்டு நாள் செய்ய ஒன்றுமில்லை. செய்ய ஒன்றுமில்லாமல் உட்காருவது எனக்கு முடியாத காரியம். காஞ்சிபுரம் போய்விட்டு ஞாயிறு கடைசி பஸ்ஸில் வந்துவிடலாம் என்று சொன்னேன். கல்யாணம் ஆன புதிதில் கூட்டிப்போகிறேன் என்று அவளிடம் வாய் விட்டிருந்தேன். அதுவரை அவள் உத்திரமேரூர் சந்தையைத் தாண்டியதில்லை. விதைக்கட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வந்துடுவோமா?" என்றாள். வந்துவிடுவோம் என்றேன். மேல்வைக்கோலில் தண்ணீர் தெளிக்கும்படி பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

சத்திரங்களில் எங்களை உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். அதனால் நேராகப் பழைய லாரி ஷெட்டுக்குக் கூட்டிப்போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்தது அது. காவல்காரர் பெஞ்சாதி என்னைப் பார்த்ததும், "ஏன்யா, உனக்குக்கூட ஒருத்தி கெடச்சாளா?" என்று கேட்டுவிட்டு, அவளுக்கு முதலில் தண்ணீர் கொடுத்தாள். டயர்கள் அடுக்கிய மூலையில் பாய் விரித்துத் தந்தாள்.

அன்று பகலில் கோபுரத்தை ரோட்டின் இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். உள்ளே போகலாம், சட்டம் வந்துவிட்டது என்று நான் சொன்னேன். இங்கிருந்தே நன்றாகத் தெரிகிறது என்றாள். கோலி சோடா குடித்தாள். மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சினிமாக் கொட்டகையில் மணல் தரையில் உட்கார்ந்து பாதிப் படம் வரை வாய் திறந்து பார்த்தாள். பிறகு என் காதருகில் வந்து, அந்த அக்கா தண்ணி தெளித்திருப்பாளா என்று கேட்டாள்.

ஞாயிறு காலையில் எனக்குப் பழக்கமான டிரைவர் வந்தார். நான் அவர் லாரியில் நான்கு மாதம் கிளீனராக இருந்தவன். ராணிப்பேட்டைக்குத் தவிட்டு மூட்டை ஏற்றிக்கொண்டு போவதாகவும், கிளீனர் வரவில்லை என்றும், மூன்று மணிக்குள் திரும்பிவிடலாம் என்றும் சொன்னார். நான் மனைவியைப் பார்க்கவில்லை. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தபோதுதான் அவள் ஷெட் வாசலில் நிற்பது தெரிந்தது. சாயங்காலம் வந்துவிடுவேன் என்று கத்தினேன். தலையாட்டினாள்.

மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், காவேரிப்பாக்கம் ஏரிக்கரை ஓரத்தில் பின் அச்சு முறிந்தது. ஞாயிற்றுக்கிழமை. கடை இல்லை. மறுநாள் ராணிப்பேட்டையிலிருந்து அச்சு வர வேண்டும். மணி மூன்றுகூட ஆகவில்லை. டிரைவர் என்னிடம் சொன்னார்:

"டேய், காஞ்சிவரம் பஸ் வரும், கை காட்டி ஏறிப் போயிடு. அந்தப் பொண்ணு ஒக்காந்துக்கினு இருக்கும்."

"நீ தனியா இன்னா பண்ணுவே" என்றேன்.

"நான் இன்னா குழந்தையா?"

நான் போகவில்லை. சக்கரத்தைக் கழற்றினேன். லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கையெல்லாம் கிரீஸோடு, முகத்துக்கு மேல் அந்த இரும்பையெல்லாம் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஏரிக்காற்று நன்றாக வீசியது. அங்கே யாரும் என்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. இருட்டுவதற்குள் நான்கு பஸ்கள் காஞ்சிபுரம் பக்கம் போயின. நான் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஒவ்வொன்றும் தூரத்தில் வரும்போதே சத்தத்தை வைத்து அது பஸ் என்று தெரிந்தது. இரண்டாவது பஸ் எங்களுக்காக வேகத்தைக் குறைக்கவும் செய்தது. நான் எழாததைப் பார்த்துவிட்டு, போகட்டும் என்று டிரைவர் கையை அசைத்தார்.

அந்த நேரத்தில் விதைக்கட்டு என் நினைவில் இல்லையா என்றால், இருந்தது. அதுதான் கொடுமை.

திங்கள் மத்தியானம் ஷெட்டுக்குப் போனேன். மனைவி டயர் மூலையில் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அச்சு முறிந்துவிட்டது, பஸ்ஸே வரவில்லை என்றேன். எழுந்து பையை எடுத்தாள். காவல்காரர் பெஞ்சாதி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நேத்து ராணிப்பேட்டை பஸ் ஒவ்வொண்ணும் வரச்சொல்ல எதிர்ல போய்ப் பாத்துட்டு வந்தாய்யா. அப்பால ஊருக்குப் போற கடைசி பஸ்ல ஏறிக் குந்திக்கினா. டிக்கெட்டும் வாங்கிட்டா. வண்டி நகரச்சொல்ல எறங்கி ஓடியாந்துட்டா. இன்னாடி, விதை விதைன்னு அடிச்சிக்கினியேன்னு கேட்டேன். 'எங்க வூட்டு ஆளு வந்து பாத்து நான் இல்லன்னா, அப்டியே எங்கனா பூடும் அக்கா'ன்னு சொல்றா." பிறகு என் கையிலிருந்த கிரீஸைப் பார்த்துவிட்டு, "நல்லா வந்து சேந்தே" என்றாள்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் மற்றவர்கள் நாற்றங்காலில் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

சேரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. விதைக்கட்டைச் சுற்றி நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். வைக்கோலிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. காலையிலிருந்தே சூடாக இருந்ததாம். தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். யாரும் அவிழ்க்கவில்லை. "உன் கை கட்டினது, நாங்க எப்படிய்யா தொடறது" என்று பக்கத்து வீட்டு அக்கா அழுதுவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் இடத்தில் இருந்திருந்தால் நானும் தொட்டிருக்க மாட்டேன்.

கல்லைத் தள்ளி வைக்கோலை விலக்கினேன். மூட்டைக்குள் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. முளை ஒன்றோடொன்று பின்னி, பாய் போல ஒரே கட்டியாக வந்தது. புளித்த வாடை. ஓரத்தில் இருந்ததில் கொஞ்சம் உயிர் இருந்தது. அவள் உட்கார்ந்து, கட்டியைப் பிய்த்துப் பிய்த்து, வெள்ளையாக இருந்ததைத் தனியாக எடுத்தாள். இரண்டு பானை நெல்லில் ஒரு முறம் கிடைத்தது. அதை மறுநாள் தெளித்தோம். பாதிதான் எழுந்தது. வெந்துபோன மிச்ச நெல்லை ஆண்டை வீட்டு மாடுகள் தின்றன. எங்களிடம் மாடு இல்லை.

ஆடி முடிந்ததும் ஆண்டை வரப்பில் வந்து நின்று பார்த்தார். நாற்றங்கால் சொறி பிடித்த தலை மாதிரி இருந்தது. திட்டவில்லை. அரைக்காணியை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார். நடவுக்கு எங்களையே கூலிக்குக் கூப்பிட்டார். போனோம்.

புரட்டாசியில் அந்த வயலில் அவள் மற்றப் பெண்களோடு வரிசையில் நின்று நாற்று நட்டாள். நான் நாற்றுக் கட்டுகளைச் சுமந்து வந்து வரப்பில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருத்தி என் காதில் விழ வேண்டும் என்றே, "ஊர் சுத்தற காலு, கைக்கு வந்த நெலத்தையும் சுத்திட்டுப் பூட்சி" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். என் மனைவி நிமிரவில்லை. நடுவதை நிறுத்தவும் இல்லை.

"வண்டி அச்சு முறிஞ்சிட்சி. பஸ்ஸும் வர்ல," என்றாள். "மனுசன் இன்னா பண்ணுவான்?"

இதையே அவள் ஆண்டையிடமும் சொல்லியிருந்தாள், பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொல்லியிருந்தாள் என்று பிறகு தெரிந்தது. நான் கட்டைப் போட்டுவிட்டு அடுத்த கட்டு எடுக்க நாற்றங்காலுக்குப் போனேன்.