தேய்த்து முடிந்த துப்பாக்கி

துப்பாக்கி விஷயத்தில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு: அதைச் சுடாமல் வைத்திருப்பதில். தேர்தல் வரும்போதெல்லாம், லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று பேப்பரில் நாலு வரிச் செய்தி வரும். மற்றவர்கள் வேட்பாளர் பட்டியலைப் படிப்பார்கள். நான் அந்த நாலு வரியைப் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்துவிடுவேன். ஐம்பதைத் தாண்டியவன் அரசியலில் காட்டக்கூடிய ஆர்வம் அவ்வளவுதான்.

திண்டுக்கல்லை அடுத்த ஆத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் பெரியப்பாவுக்குத் தோட்டம் இருந்தது. நிலக்கடலை போட்டால் காட்டுப்பன்னிகள் குடும்பத்தோடு வந்து விருந்து சாப்பிட்டுப் போகும். அவற்றை மிரட்ட ஒரு நாட்டுத் துப்பாக்கி. தோட்டா போடுகிற ரகம் இல்லை. குழலின் வாய் வழியாக மருந்தைப் போட்டு, தேங்காய் நாரை அடைத்து, கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். இத்தனையும் முடிவதற்குள் பன்னிகள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போயிருக்கும்.

எனக்கு ஒன்பது வயதானபோது ஒரு தேர்தல் வந்தது. துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போனது. யார் ஜெயித்தார்களோ, துப்பாக்கி தோற்றுத் திரும்பியது. குழலுக்குள் முழுக்கத் துரு. தேய்ப்பதற்குப் பழந்துணி தேடிய பெரியப்பாவின் கையில், கொடியில் கிடந்த சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை ஒன்று அகப்பட்டது. துவைத்துத் துவைத்துப் பூ மாதிரி ஆன சேலை. குழல் தேய்க்க அதைவிட நல்ல துணி கிடையாது. பெரியம்மாவைப் பொறுத்தவரை, உடுத்திக்கொள்ளவும் அதைவிட நல்ல துணி கிடையாது.

பெரியம்மா சத்தம் போடவில்லையாம். "அந்தக் குழாயை நல்லாத் தேச்சு முடிச்சுட்டு, அப்புறமா வந்து என்னையக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, செம்பட்டியில் உரக்கடை வைத்திருந்த தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். கோபத்தில் சொன்னதைப் பெரியப்பா ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டார்.

அந்த வருஷம் முழுப்பரீட்சை லீவுக்கு என்னை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். "அண்ணன் ஒண்டியா இருக்காரு, தொணைக்கு இருக்கட்டும்" என்றார் அப்பா. துப்பாக்கியை ஒப்படைத்தால் ஸ்டேஷனில் ரசீதாவது கொடுப்பார்கள்.

தோட்டத்து வீட்டைச் சுற்றி ஆள் கிடையாது. மோட்டார் ஓடினால் அது பேசும். நின்றுவிட்டால் வீடே வாயை மூடிக்கொள்ளும். பெரியப்பா ஒரு நாளைக்குப் பேசுவது "சாப்டியா", "கெணத்துப் பக்கம் போகாத", அவ்வளவுதான். சமையல் சோறும் ரசமும். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கேட்டால் வறுத்த நிலக்கடலையைக் கையில் வைப்பார். பன்னிகளுக்கும் எனக்கும் ஒரே சாப்பாடு.

சாப்பாடு முடிந்ததும் துப்பாக்கி வெளியே வரும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் குழலை வாய் கொப்பளிக்க வைப்பார். பிறகு கம்பி நுனியில் துணியைச் சுற்றி, எண்ணெயில் நனைத்து, சலித்த செங்கல் பொடியில் புரட்டி, அடிவரை விட்டு விட்டு இழுப்பார். துணி இப்போது அவருடைய பழைய வேட்டிதான். சேலையில் மிஞ்சியதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். கம்பி எங்கேயும் பிடிக்காமல் ஒரே வழுக்கலாகப் போய்வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் சொரசொரவென்று பிடிக்கும். நான் சவரக் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் குழலுக்குள் விடுவேன். பெரியப்பா அதன் வாயில் கண்ணை வைத்துப் பார்ப்பார். துப்பாக்கி வாயில் கண்ணை வைப்பது புத்திசாலிகள் செய்கிற காரியம் இல்லை. எங்கள் குடும்பத்தில் அது யாரையும் தடுத்ததில்லை.

"இன்னும் இருக்குலே" என்பார், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல.

செம்பட்டிக்குப் பால் கொண்டுபோகிறவர் காலையில் வாசலில் சைக்கிளை நிறுத்துவார்.

"அண்ணே, மதினி கேக்கச் சொன்னாக. குழாய் தேச்சு முடிஞ்சுதா?"

"துரு அம்புட்டு லேசுல போயிருமாப்பா? முடிச்சுட்டு வாரேன்னு சொல்லு."

மறுநாள் பதில் வந்தது. "இம்புட்டு நேரத்துக்கு மலையவே தேச்சுத் தரையாக்கியிருக்கலாம்னு சொன்னாக."

அந்த லீவில் பெரியப்பா சிரித்தது அப்போது மட்டும்தான்.

பெரியம்மா வந்தால்தான் வெஞ்சனம், துரு போனால்தான் பெரியம்மா. எனக்கு விஷயம் இவ்வளவு சுலபமாக இருந்தது. கத்தரிக்காய் மூட்டையோடு அவர் சந்தைக்குப் போன ஒரு நாள், மருந்தெல்லாம் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்க, பகல் முழுக்க நான் தேய்த்தேன். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. சாயங்காலம் கம்பி வெண்ணெய்க்குள் போவதுபோல் போய் வந்தது. கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வெயிலை உள்ளே விட்டுப் பார்த்தேன். குழலுக்குள் வெள்ளியில் வெட்டிய கிணறு மாதிரி இருந்தது. பெரியப்பாவால் மாதக்கணக்கில் முடியாததை ஒரே பகலில் முடித்துவிட்டோம் என்று பெருமையாக இருந்தது. அது எப்படி முடிந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பெரியப்பா வந்து கம்பியை விட்டு இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து நிற்பதுபோல் முகம் மாறிவிட்டது.

"ஏலே, நீயா தேச்ச?"

"ஆமா பெரியப்பா. நாளைக்கே செம்பட்டிக்குப் போவமா?"

"போவம், போவம்."

மறுநாள் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வந்தார். பஸ் வந்தது. "கூட்டமா இருக்கு" என்று விட்டுவிட்டார். அடுத்தது காலியாகவே வந்தது. "இம்புட்டுக் காலியா வருதுன்னா வண்டியில ஏதோ கோளாறு" என்றார். திரும்பி நடந்தோம்.

மத்தியானம் நான் தூங்குகிறேன் என்று நினைத்து, துப்பாக்கியைக் கிணற்றடிக்கு எடுத்துப்போனார். ஒரு செம்புத் தண்ணீரைக் குழலுக்குள் ஊற்றினார். துடைக்கவில்லை. நிழலில் சாய்த்து வைத்துவிட்டு, காய்ச்சல்காரர் பக்கத்தில் உட்கார்வதுபோல் கொஞ்ச நேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் கவிழ்த்தபோது செக்கச்செவேலென்று தண்ணீர் வந்தது.

"பாத்தியாலே? உள்ளுக்குள்ள இருந்திருக்கு" என்று மறுபடி செங்கல் பொடியைச் சலிக்க உட்கார்ந்தார். பால்காரருக்கும் பழைய பதிலே போனது.

வயதாகிவிட்டது, துடைக்க மறந்துபோகிறார் என்று நான் நினைத்தேன். இதை வெளியே சொல்லி அவர் மானத்தை வாங்கக்கூடாது என்றும் எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். ஒன்பது வயதில் என்னிடம் நல்ல குணங்கள் இருந்தன. பிறகுதான் குறைந்தன.

லீவு முடிந்து அப்பா என்னை அழைத்துப்போக வந்தார். திண்டுக்கல் பஸ் செம்பட்டியில் நின்றதும் அப்பா டீ குடிக்க இறங்கினார். தம்பி கடையிலிருந்து பெரியம்மா ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். கையில் உப்பிய துணிப்பை.

"அப்பு, இப்படி எளைச்சுப் போயிட்டியே! உங்க பெரியப்பா ஒழுங்காச் சாப்பிடுறாரா?"

"ரசம் சாப்பிடுறாரு."

பெரியம்மா சிரித்துவிட்டாள். எதிர்ச்சாரியில் ஆத்தூர் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சிரிப்பு மாறாமல் கேட்டாள்: "அந்தக் குழாய் இன்னும் தேச்சு முடியலையாக்கும்?"

துரு என்று சொன்னால் பெரியப்பாவின் மறதி வெளியே வந்துவிடும். என் கொப்புளங்களுக்கும் மரியாதை இருக்காது.

"அதெல்லாம் முடிஞ்சிருச்சு பெரியம்மா, போன வாரமே. நாந்தான் தேச்சேன். உள்ள கண்ணாடி மாதிரி இருக்கு." ஜன்னல் வழியாக உள்ளங்கையை நீட்டினேன்.

அவள் என் கையைப் பிடித்து, கொப்புளம் காய்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். "போன வாரமேவா" என்று என் கையைப் பார்த்துக் கேட்டாள். பிறகு பைக்குள்ளிருந்து ஒரு முறுக்குப் பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். பொட்டலம் இருந்த இடத்தில், மடித்த சேலைகள் தெரிந்தன. ஓரத்தில் ஒரு சீப்பு.

"ஆத்தூர், ஆத்தூர்!" என்று கண்டக்டர் கத்தினார். பெரியம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஆத்தூர் பஸ் போய்விட்டது.

அப்பா டீயைக் குடித்துவிட்டு வந்தார். "என்ன மதினி, பையும் கையுமா எங்க கெளம்பிட்டீக?"

"இஸ்திரிக்குக் குடுக்கலாம்னு" என்றாள்.

அதற்குப் பிறகும் தேர்தல்கள் வந்தன. துப்பாக்கி போய்ப் போய்த் துருவோடு திரும்பியது. பெரியப்பா கடைசிவரை தனியாக உட்கார்ந்து வேட்டியைக் கிழித்துத் தேய்த்தார். முடிந்ததா என்று கேட்டு யாரும் ஆள் அனுப்பவில்லை. அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. பெரியப்பாவின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் முறுக்கைக் கடித்துக்கொண்டு வந்தேன். சேலை சரி, சீப்பை எதற்கு இஸ்திரிக்குக் கொடுக்கிறாள் என்பதுதான், திண்டுக்கல் வருகிறவரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.