அத்தை கூப்பிடாத பெயர்

என் மகளின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஊரெல்லாம் அதைத் தண்டோரா போட்டவள் நான்தான். இனியாவது வாயை மூடிக்கொள்கிறேன்.

அவள் பிறந்தபோது பெயருக்காக வீட்டில் ஒரு யுத்தமே நடந்தது. நான் தஞ்சாவூர்ப் பக்கம், கணவர் ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவர். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, மாங்காட்டில் ஃபிளாட். அங்கே எந்த மாடியில் நின்று ஒரு பெயரைக் கூப்பிட்டாலும் நாலு பெண் குழந்தைகள் திரும்பிப் பார்க்கும். என் மகளுக்கு அப்படி வேண்டாம், யாருக்குமே இல்லாத பெயர் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். செல்போனில் தேடித் தேடிக் கண் பூத்ததுதான் மிச்சம்.

பேர் வைப்பதற்கு முந்தின நாள் மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டே கணவர் ஒரு பெயரைச் சொன்னார். சோற்றில் கை வைத்தபடி நானும் சொல்லிப் பார்த்தேன். பழசு மாதிரியும் இருந்தது, புதுசு மாதிரியும் இருந்தது. "எங்கேங்க பிடிச்சீங்க?" என்றேன். "சும்மா தோணுச்சு" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

குழந்தையின் காதில் பேரைச் சொல்ல வேண்டியவள் அத்தை, அதாவது என் நாத்தனார். கணவருக்கு ஒரே தங்கை. முத்தாபுதுப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகி வெகுகாலமாகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. மறுநாள் வந்து என் மகளை மடியில் வாங்கிக்கொண்டு, "இன்னா பேரு அண்ணி?" என்று ஆசையாகக் கேட்டாள். சொன்னேன். அவள் கை அப்படியே நின்றது. பிறகு புடவைத் தலைப்பால் குழந்தையின் காதைத் துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள். எண்ணெய்ப் பிசுக்கு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் போல ஒரு மக்கு உண்டா! அப்புறம் அவள் குனிந்து, வழக்கப்படி மூன்று தடவை பேரைச் சொன்னாள்.

அதற்குப் பிறகு என் ஆட்டம் ஆரம்பமானது. லிஃப்டில், காய்கறிக் கடையில், ஆஸ்பத்திரி வரிசையில், யார் என்ன பேர் என்று கேட்டாலும் ஒரு பிரசங்கம் வைத்தேன். குழந்தைப் பெயர்களுக்கென்று இருக்கிற ஓர் இணையதளத்தில் நானே அதைச் சேர்த்தும் விட்டேன். கொஞ்ச நாளில் அவர்களாகவே அதற்கு 'நிலவொளி' என்று ஒரு அர்த்தத்தை ஒட்டி, வடமொழிப் பெயர் என்றும் போட்டுவிட்டார்கள். அடுத்த பிளாக்கில் ஒரு குழந்தைக்கு அதையே வைத்தார்கள். குமணன்சாவடியில் விளையாட்டுப் பள்ளியில் சேர்க்கப் போனால், அங்கே ஏற்கெனவே அதே பேரில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்! எனக்கு வயிறு எரிந்தது. "நான் வச்ச பேரைத் திருடிட்டாங்கங்க" என்று வீட்டுக்கு வந்து குதித்தேன். கணவர் கல்லுளிமங்கன் மாதிரி டிவி சத்தத்தைக் கூட்டினார்.

மகளுக்கு மூன்று வயதான ஆடி மாதம், கூழ் ஊற்றுகிறோம் என்று நாத்தனார் எங்களை வரச் சொன்னாள். அவர்கள் தெருக்கோடியில் வேப்பமரத்தடியில் ஒரு அம்மன் கோயில். உள்ளே ஒரு ஆள் நிற்கத்தான் இடம். அதன் வாசல் நெற்றியில் பச்சை பெயின்ட்டில், கோணல் எழுத்தில், என் மகளின் பெயர்.

"அட, நம்ம பாப்பா பேரு!" என்று நான் கைதட்டினேன்.

கூழ் ஊற்றிக்கொண்டிருந்த நாத்தனாரின் மாமியார் நிமிர்ந்து பார்த்தார். "இன்னாம்மா, தெரியாத மாரி பேசுற? பொண்ணு பொறந்தா உன் பேரையே வெக்கிறேன் தாயேன்னு எம் மருமவ இங்கதான் ஈரத்துணியோட வேண்டிக்கினா. உங்க ஊட்டுக்காரரும் பக்கத்துலதான நின்னுகினு இருந்தாரு?"

நாத்தனார் காதில் விழாதவள் போல என் மகளுக்குக் கூழை ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "மெதுவா குடி பாப்பா, சூடா கீது" என்றாள். பாப்பா. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாப்பா, குட்டிமா, அம்மாடி, செல்லம் என்று எல்லாம் கூப்பிடுவாள். காதில் சொன்ன அந்த நாளைக்குப் பிறகு, பேரைச் சொல்லி ஒரு தடவைகூட அவள் என் மகளைக் கூப்பிட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவரைப் பிடித்துக்கொண்டேன். "ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு எடுத்துக் கொடுத்தீங்களே! சாமிகிட்ட வேண்டிக்கிட்ட பேருங்க அது!"

"அவளுக்குத்தான் பொறக்கவே இல்லையே. பேரு சும்மாதானே கெடக்குதுன்னு..." என்றார். அந்த வாக்கியத்தை முடிக்க நான் விடவில்லை.

ஆனால் கோபித்து என்ன பண்ண? பேரைக் கழற்றித் திருப்பிக் கொடுக்க அது என்ன இரவல் வாங்கிய வளையலா? மன்னிப்புக் கேட்கலாமென்று போனை எடுப்பேன். எதிர்முனையில் "இன்னா அண்ணி, நல்லாக்கீறீங்களா?" என்று அவள் குரல் கேட்டதும் மழை, வெயில், மெட்ரோ வேலை என்று பேசிவிட்டு வைத்துவிடுவேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுப்பெல்லாம் இல்லை, நெஞ்சில் கல்லைக் கட்டியது மாதிரி இருந்தது. அவள் வந்தால் நானும் என் மகளைப் பாப்பா என்றே கூப்பிட ஆரம்பித்தேன்.

போன வருஷம் நாத்தனாருக்குப் பெண் குழந்தை பிறந்தது. சந்தோஷத்தில் அழுதேன். அடுத்த நிமிஷமே பயம் பிடித்தது. என்ன பேர் வைப்பாள்? அந்த அம்மனுக்கு என்ன பதில் சொல்வாள்? அவளே போனில் கூப்பிட்டாள். "எங்க ஊட்டுக்காரருக்குக் கூடப்பொறந்த பொண்ணுங்க யாரும் இல்ல அண்ணி. மாமன் பொண்டாட்டியும் அத்தைதான? நீங்கதான் வந்து பேரு சொல்லணும்." என்ன பேர் என்றேன். "வாங்க, சொல்றேன்" என்றாள்.

வீடு நிறையச் சனம். என் மகள் வாசலில் மற்ற பிள்ளைகளோடு ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு நாத்தனார் என் காதோரம் குனிந்தாள்.

"வேற பேரு எதுவும் எனக்குத் தோணல அண்ணி. நீங்களே வெச்சிடுங்க."

அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். புடவைத் தலைப்பால் குழந்தையின் காதைத் துடைத்தேன். அதில் எண்ணெயும் இல்லை, ஒன்றும் இல்லை. துடைத்துவிட்டு, என் மகளின் பெயரை மூன்று தடவை சொன்னேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?" என்று யாரோ கேட்டார்கள். "எங்க அம்மன் பேரும்மா அது" என்றார் மாமியார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாத்தனாருக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. குழந்தையை என்னிடமிருந்து வாங்கி, முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இன்னொரு தடவை, சத்தமாக. இத்தனை வருஷமும் வாய்க்குள் வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துக் கூப்பிட்டாள்.

வாசலில் விளையாட்டு நின்றது. மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தாள் என் மகள். "வந்துட்டேன் அத்தை!" என்று அத்தையின் முன்னால் போய் நின்றாள். நாத்தனார் குழந்தையை அணைத்தபடி திகைத்து நின்றாள்.

என் மகள் என் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, அத்தைக்கு என் பேரு தெரியும்மா!"