வெள்ளை மக்காச்சோள மாவு

மெட்ராஸில் கிடைக்காததால் ஸ்ரீபெரும்புதூர் வரை வந்துவிட்டோம். இது நான்காவது கடை. என் மனைவி லோகா டர்பனில் பிறந்தவள். அங்கே அவள் அம்மா இறந்துபோனதாகக் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. நிறவெறி அரசோடு இந்தியாவுக்கு உறவில்லாததால், எங்கள் பாஸ்போர்ட்டில் தென்னாப்பிரிக்கா போக அனுமதியில்லை. அன்றிலிருந்து அவள் சாப்பிடவில்லை. அம்மா கிண்டித் தரும் வெள்ளை மக்காச்சோளக் களி மட்டும் வேண்டுமாம்.

"வெள்ளையெல்லாம் வராது சார். மஞ்சக் குருணைதான் கீது," என்கிறார் கடைக்காரர்.

லோகா அந்தக் குருணை மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறாள்.

"ஐயோ, அது கோழித் தீனிம்மா! துப்பிடு!"

அவள் துப்பவில்லை. கண்ணீர் வழிய மெல்கிறாள்.

"இது இல்லீங்க," என்று என்னிடம் சொல்லிவிட்டு, அதை விழுங்குகிறாள்.